வண்டிக்கென்று தனி போன் வேண்டும்

எங்கள் டிராவல்ஸில் வேலைக்குச் சேரும் டிரைவர் தம்பிகளுக்கு நான் போடும் முதல் நிபந்தனை: சொந்த போனில் மேப் போட்டு வண்டி ஓட்டக் கூடாது. எங்கள் வண்டி ஒவ்வொன்றிலும் டேஷ்போர்டு ஸ்டாண்டில் பழைய போன் ஒன்று மாட்டியிருக்கும். அதற்கு சிம் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது, யாரும் அதைக் கூப்பிட முடியாது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் முழுதாக இறக்கிவைத்த வரைபடம் மட்டும் அதற்குள் இருக்கும். "என்னண்ணே, நல்ல போன் கையில இருக்கும்போது இந்தப் பழச எதுக்கு மாட்டி வச்சிருக்கீங்க?" என்று சவாரி வருகிறவர்கள் கேட்கிறார்கள். வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் திண்டுக்கல் ரோட்டோரம்தான் எங்கள் ஷெட். காய்கறி மார்க்கெட்டுக்கு ராத்திரி முழுக்க லோடு வந்து இறங்கும் ஊர். வெளியூர் லாரி டிரைவர்கள் வழி கேட்டு நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். நான் ஸ்டியரிங் பிடிக்கத் தொடங்கிய காலத்தில் டீக்கடைதான் வரைபடம். விடியற்காலை மூன்று மணிக்கு எந்த விலக்கில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று தெரிந்தவன்தான் தேர்ந்த டிரைவர். "பரவை முனியம்மா ஊர் எங்கங்க?" என்று நாட்டுப்புறப் பாடகியின் பெயரைச் சொல்லிக் கேட்டே எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள் உண்டு.

அதற்குப் பிறகு வந்தது அந்தப் பெட்டி. 2000-களின் பிற்பாதியில், காரின் முன் கண்ணாடியில் ரப்பர் வட்டை வைத்து ஒட்டும் கையகலத் திரை. கார்மின், மேப்மைஇந்தியா என்ற பெயர்களில் கடைகளில் விற்றது. விலை பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் நம்மூர்க்காரர்கள் சிலர் அங்கே பழகிய டாம்டாம் பெட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருவார்கள். நானும் ஒரு பெட்டியை வாங்கிப் பல வருடம் வைத்திருந்தேன். நாடு முழுவதற்குமான வரைபடம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. பேச்சிப்பாறையில் போட்டாலும் வால்பாறையில் போட்டாலும் ஒரே மாதிரி வேலை செய்யும். வழி சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. அதுதான் அதன் பெருமை என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் அந்தப் பெட்டிக்கு நேற்றைய ரோடுதான் தெரியும். சமயநல்லூரிலிருந்து துவரிமான், நாகமலை புதுக்கோட்டை வழியாகக் கப்பலூர் போகும் நான்கு வழிச்சாலையில் நாங்கள் போய்க்கொண்டிருப்போம். திரையில் எங்கள் வண்டி வயலுக்குள் போவது போலக் காட்டும். அதைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் செருகி, பெரிய கோப்பை இறக்கி, சில நேரம் காசும் கட்ட வேண்டும். சவாரிக்கு ஓடுகிறவனுக்கு அதற்கு ஏது நேரம்? 2009 அக்டோபர் 28 அன்று கூகுள் நிறுவனம், திருப்பத்துக்குத் திருப்பம் குரலில் வழி சொல்லும் வசதியை ஆண்ட்ராய்டு போன்களில் இலவசமாகத் தருவதாக அமெரிக்காவில் அறிவித்தது. அன்றே கார்மின், டாம்டாம் இரண்டின் பங்கு விலையும் சரிந்தது. நம்மூருக்கு அந்த அலை வந்து சேரச் சில வருடங்கள் ஆயின. வந்த பிறகு பெட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன் ஜெயித்தது நியாயம்தான். முக்கியமான காரணம், இந்த நிமிடம் ரோடு எப்படி இருக்கிறது என்று அது சொல்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் மதுரைக்குள் நுழையும்போது பாத்திமா கல்லூரிப் பக்கம் சிவப்பாக இருந்தால் வேறு பக்கம் திருப்பலாம். அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? ரோட்டில் போகும் போன்கள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதைத் திரட்டித்தான் அது கணக்குப் போடுகிறது. 2020-ல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களை ஒரு தள்ளுவண்டியில் போட்டு ஆளில்லாத தெருவில் மெல்ல இழுத்துக்கொண்டு போனார். மேப்பில் அந்தத் தெரு நெரிசல் என்று சிவந்தது. நெரிசல் விவரம் நம்மிடமிருந்தே எடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறை விளக்கம் இல்லை. நான் வைத்திருந்த தனிப்பெட்டியால் இதைச் செய்ய முடியவில்லை. பக்கத்து வண்டியில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். "டவர் போச்சுண்ணே, ஜிபிஎஸ் வேலை செய்யல" என்று எத்தனையோ டிரைவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். டவர் போனாலும் ஜிபிஎஸ் போகாது. ஜிபிஎஸ் என்பது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞை. நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் போன் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். போன் அதை வாங்க மட்டும்தான் செய்கிறது, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகு காரில் வழி சொல்லும் வேலை எளிதானது. நமக்கென்று இஸ்ரோ உருவாக்கிய நாவிக் இருக்கிறது. 2013-ல் முதல் செயற்கைக்கோள் போனது. ஆனால் அணுக் கடிகாரங்கள் பழுதாகி, 2025 ஜனவரியில் அனுப்பிய என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதையை எட்டாமல் போய், அது இன்னும் முழு பலத்துக்கு வரவில்லை. வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

ஆக, இடம் வானத்திலிருந்து இலவசமாக வருகிறது. படம்தான் டவரிலிருந்து வருகிறது. டவர் இல்லாத இடத்தில் போன் உங்கள் இடத்தைச் சரியாகக் காட்டும், ஆனால் எதன் மேல் காட்டும்? பழைய போன் மாட்டுவதற்கு முன்பு, மேகமலைக்குப் போன எங்கள் வண்டி ஒன்றில் இதுதான் நடந்தது. சின்னமனூர் தாண்டி மலை ஏறியதும் டவர் போய்விட்டது. எஸ்டேட்டுக்குள் ஒரு பிரிவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. திரையில் வெறும் கட்டங்கள், நடுவில் நீலப் புள்ளி. பின் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. வேலை முடிந்து திரும்பிய எஸ்டேட் பெண்கள் வழி சொன்னதால் வண்டி வந்து சேர்ந்தது. 2024 டிசம்பரில் பீகாரிலிருந்து கோவாவுக்குப் போன ஒரு குடும்பம் கர்நாடகத்தில் கானாபூர் காட்டுக்குள் இரவு முழுக்கச் சிக்கிக்கொண்டதும் இப்படித்தான். டவர் கிடைக்கும் இடம் தேடி அவர்கள் கிலோமீட்டர் கணக்கில் நடந்து போய்ப் போலீசைக் கூப்பிட வேண்டியிருந்தது. சபரிமலை சீசனில் குமுளி தாண்டி வண்டிப்பெரியாறு, எருமேலி என்று ஓடுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு ராத்திரியைச் சொல்வார்கள்.

டவர் இருந்தாலும் சொந்த போனில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதில் பொண்டாட்டி கூப்பிடுவார், ஃபைனான்ஸ்காரர் கூப்பிடுவார், அடுத்த சவாரிக்காரர் "லொகேஷன் அனுப்புங்க" என்று கூப்பிடுவார். நான்கு வழிச்சாலையில் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்க வேண்டிய இடம் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். சரியாக அந்த நேரம் பார்த்துத் திரையை மறைத்துக்கொண்டு அழைப்பு வந்தால் இறங்கும் வழி போய்விடும். உடனே சிலர் பிரேக் போட்டு ரிவர்ஸ் எடுக்கிறார்கள். கப்பலூர் ரோட்டில் நூறில் வரும் வண்டிகளுக்கு எதிரே ரிவர்ஸ்! கண்ணால் பார்த்து நெஞ்சு பதறியிருக்கிறேன். டீக்கடையில் ஜிபே பண்ணுவதற்கும் அதே போன், டீசலுக்கும் அதே போன். ஸ்டாண்டிலிருந்து எடுப்பதும் மாட்டுவதுமாக, ஓட்டத்திலேயே ஒரு கை அதில்தான் இருக்கும்.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதல் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் திருத்தம் வந்தது. 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த விதித் திருத்தம், வழி பார்ப்பதற்காக மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. வழி பார்ப்பதற்காக மட்டும் என்ற நிபந்தனையை நம் சொந்த போன் நிறைவேற்றுமா? என் அனுபவத்தில் நிறைவேற்றாது. தனிப்பெட்டி நிறைவேற்றியது.

அதனால்தான் பெட்டியின் குணத்தையும் போனின் அறிவையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறோம். செய்வது கடினமே இல்லை. வீட்டு அலமாரியில் தூங்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் போதும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வீட்டு வைஃபையில் வரைபடத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். கூகுள் மேப்பில் ஆஃப்லைன் வசதியில் மாநிலம் முழுவதையும் ஒரே கட்டத்தில் அடக்க முடியாது, துண்டு துண்டாக இறக்க வேண்டும். அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள், உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓபன் ஸ்ட்ரீட் மேப்பைப் பயன்படுத்துகின்றன. அதில் தமிழ்நாட்டை அப்படியே இறக்கலாம். நாங்கள் இரண்டையும் வைத்திருக்கிறோம். ஷெட்டிலிருந்து எடுத்ததும் வானம் தெரியும் இடத்தில் ஓரிரு நிமிடம் நின்றால் சிம் இல்லாத போனும் தன் இடத்தைப் பிடித்துவிடும்.

நெரிசல் விவரம் வேண்டுமே என்றால் அதற்கும் வழி உண்டு. ஊருக்குள் நுழையும் முன் டிரைவர் தன் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டு, அதை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிட வேண்டும். பழைய போனுக்கு நெட் கிடைத்துவிடும், அழைப்பு மட்டும் வராது. ஸ்டாண்டை ஏசி காற்று வரும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சித்திரை வெயிலில் கண்ணாடியோரம் வைத்த போன் கொதித்துத் தானாக அணைந்துவிடும். வெயிலில் நிற்கும் வண்டியிலேயே விட்டுவிடாதீர்கள், பேட்டரி உப்பிவிடலாம். பள்ளி வேன் ஓட்டுகிறவர்களும் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களும் இதை நாளைக்கே செய்யலாம். புதுச் செலவு ஸ்டாண்டும் சார்ஜர் ஒயரும்தான்.

லோடு வண்டிக்காரர்களுக்கு மட்டும் இது போதாது. எங்கள் மார்க்கெட்டுக்கு வரும் லாரிக்குக் காருக்கான வழியைக் காட்டினால் அது தாழ்வான ரயில்வே பாலத்தடியில் போய் நிற்கும். வண்டியின் உயரம், எடை, நீளத்தைக் கொடுத்தால் அதற்கேற்ப வழி சொல்லும் தனிக்கருவிகளை கார்மின் போன்ற நிறுவனங்கள் வெளிநாடுகளில் லாரிக்காரர்களுக்காக இன்றும் விற்கின்றன. தனிப்பெட்டி எங்கே உயிரோடு இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதற்கு அதுவே பதில். நம் நாட்டில் பாலங்களின் உயரமும் தாங்கும் எடையும் வரைபடத்தில் முறையாக ஏறும் வரை அப்படிப்பட்ட கருவி இங்கே வந்தாலும் முழுப் பயன் தராது.

குறுகிய தெரு இன்னொரு தலைவலி. மதுரையின் நடுவில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் என்று சதுரம் சதுரமாக இருக்கின்றன. அவற்றை இணைக்கும் சந்துகளில் பைக் சரளமாகப் போகும், கார் மாட்டிக்கொள்ளும். செயலிக்கு அந்த வித்தியாசம் எப்போதும் தெரிவதில்லை. 2024 ஜனவரியில் கூடலூரில், வேகமான வழி என்று மேப் காட்டியதை நம்பிப் போன கார் ஒன்று குடியிருப்புப் படிக்கட்டில் இறங்கி நின்ற படம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் கூகுள், கார்களைக் குறுகிய சாலைகளிலிருந்து விலக்கிக் காட்டும் வசதியை எட்டு நகரங்களில் தொடங்குவதாக அறிவித்தது. சென்னையும் கோயம்புத்தூரும் அதில் இருந்தன. மதுரை இல்லை. ஆயிரக்கணக்கான வெளியூர் வண்டிகள் சாமி கும்பிட வந்து போகும் ஊரை முதல் பட்டியலில் விட்டது சரியில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் நாம் நம் வண்டிக்குள் சரி செய்துகொள்ளக்கூடியது. நம் கையில் இல்லாத ஒன்று இருக்கிறது. 2024 நவம்பர் 24 அன்று உத்தரப் பிரதேசத்தில் பரேலிப் பக்கம் ராம்கங்கா ஆற்றுப் பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதி வெள்ளத்தில் முன்பே போயிருந்தது. வரைபடத்தில் பாலம் முழுதாக இருந்தது, தரையில் தடுப்பு இல்லை. 2023 அக்டோபர் 1 அன்று கேரளத்தில் கோதுருத்தில் பெருமழை இரவில் கார் ஆற்றுக்குள் போய் இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தார்கள். மேப் காட்டிய திருப்பத்தைத் தவறவிட்டு நேராகப் போனார்கள் என்றும் அப்போது செய்தி வந்தது. நம் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் 2021 செப்டம்பரில் மழைநீர் நிரம்பிய ரயில்வே சுரங்கப்பாதைக்குள் கார் சிக்கி அரசு மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார். அங்கே மேப்புக்கும் விபத்துக்கும் தொடர்பு இல்லை. ஆனால் அந்த இரவில் எந்த வரைபடத்தைத் திறந்திருந்தாலும் அந்தச் சுரங்கப்பாதை திறந்த வழியாகத்தான் தெரிந்திருக்கும். பெட்டியானாலும் போனானாலும், யாராவது சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

யார் சொல்வது? பாலம் இடிந்தால் முதலில் தெரிவது நெடுஞ்சாலைத் துறைக்கு. வைகை அணை திறந்தால் யானைக்கல் தரைப்பாலம் மூழ்கும் என்று நீர்வளத் துறைக்கும் மாநகராட்சிக்கும் முன்கூட்டியே தெரியும். கர்டர் பாலத்தடியில் தண்ணீர் நின்றால் அங்கே நிற்கும் போலீஸ்காரருக்குத் தெரியும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஆழ்வார்புரம், கோரிப்பாளையம், தல்லாகுளம், சிம்மக்கல் பக்கம் எந்த ரோடு எத்தனை மணியிலிருந்து அடைப்பு என்று காவல்துறை பல நாள் முன்பே முடிவு செய்து பத்திரிகைக் குறிப்பு கொடுக்கிறது. நாமும் நாளிதழில் படிக்கிறோம். பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கும் அப்படியே. ஆனால் ஜல்லிக்கட்டு பார்க்க பெங்களூரிலிருந்து வருகிறவர் நம்மூர் நாளிதழைப் பார்த்துவிட்டா வருவார்? அவர் மேப்பைப் பார்த்து வருகிறார். அது அவரை நேராகத் தடுப்புக்கட்டைக்குக் கூட்டிவந்து நிறுத்துகிறது. பின்னால் நூறு வண்டி. திரும்பவும் இடமில்லை. எங்கள் தம்பிகள் அந்த நாட்களில் தெரிந்த பாதையில் சுற்றிப் போய்விடுவார்கள். வெளியூர்க்காரர் என்ன செய்வார்?

இந்த மண்ணை அளந்து வரைபடம் போடுவதை அரசே தன் வேலையாக எடுத்துச் செய்த வரலாறு நமக்கு உண்டு. 1767-ல் தொடங்கிய சர்வே ஆஃப் இந்தியா இன்றும் இருக்கிறது. 1802-ல் லாம்டன் தன் பெரிய நில அளவையைச் சென்னைப் பரங்கிமலையில் அடித்தளக் கோடு அளந்துதான் தொடங்கினார். இன்று வரைபடம் தனியார் கைக்குப் போய்விட்டது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசே இந்திய நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அது நல்ல முடிவு. ஆனால் ரோடு அரசினுடையது. எந்த ரோடு இன்று திறந்திருக்கிறது என்று சொல்லும் கடமையும் அரசினுடையதுதான். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, ரோட் ஈஸ் என்ற ஏற்பாட்டின் மூலம் தான் செய்யும் போக்குவரத்து மாற்றங்களைக் கூகுள் மேப்பிலேயே தெரியும்படி செய்திருக்கிறது. சென்னையில் முடிவது மதுரையில் ஏன் முடியாது?

மதுரை மாவட்ட ஆட்சியருக்கும் மாநகரக் காவல் ஆணையருக்கும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். தினமும் மாலை, அடைத்த சாலை, மூழ்கிய தரைப்பாலம், தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதை, திருவிழா மாற்றுப்பாதை ஆகியவற்றை ஒரே பட்டியலாக வெளியிடுங்கள். இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு, எந்த வரைபட நிறுவனமும் உடனே எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் வடிவில் அது இருக்கட்டும். திறந்ததும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இதற்குப் புதுத் துறை வேண்டாம்; கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பான ஒருவர் போதும். அதோடு, அடைத்த ஒவ்வொரு இடத்திலும் இரவில் மின்னும் தடுப்பு ஒன்றை வையுங்கள். அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே இதைத் தொடங்கிவிட்டால், வைகையின் இரண்டு கரையிலும் வழி தெரியாமல் நிற்கும் வெளியூர் வண்டிகள் அந்த வருடமே குறையும்.